டீச்சர் பதில்கள்: மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் யார்?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) படத்தைப் போட்டுப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படிக்கும் பெண்களைப் பற்றி 2004-ல் வந்த படம். முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவருக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழில் வேறு கேள்விகள் இல்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் ஒரு பணக்காரப் பெண், அவள் பின்னால் இரண்டு எடுபிடிகள், அவர்களைக் கண்டு நடுங்கும் மற்ற பிள்ளைகள். நிஜமாகவே அங்கே அப்படித்தானா, எல்லாம் சினிமாவா?
ஓர் அம்மா, நாமக்கல்

பாதி நிஜம். எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன்.

'மீன் கேர்ள்ஸ்' படத்தின் கேடி ஹெரன், விலங்கியல் ஆய்வாளர்களான பெற்றோரோடு ஆப்பிரிக்காவில் வளர்ந்தவள். வீட்டிலேயே படித்தவள். பதினாறு வயதில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் மதியம் தட்டோடு நிற்கிறாள். எந்த மேஜையிலும் அவளுக்கு இடம் இல்லை. கடைசியில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். அடுத்து, ஜேனிஸ் என்ற பெண் அவளுக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறாள். இந்த மேஜை விளையாட்டுக்காரர்களுக்கு, அந்த மேஜை பள்ளி இசைக்குழுப் பிள்ளைகளுக்கு, நடுவில் இருப்பது 'பிளாஸ்டிக்ஸ்' என்ற மூன்று பெண்களுக்கு. ரெஜினா, கிரெட்சன், கேரன்.

இந்த வரைபடம் மிகையாக இருக்கலாம், பொய் இல்லை. நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு என்றால் வருஷம் முழுக்க அதே அறை, அதே பெஞ்சு. ஆசிரியர்தான் மாறி மாறி வருவார். அங்கே பெரும்பாலும் பிள்ளைகள்தான் மணி அடித்ததும் அறை மாறுவார்கள். கணக்குக்கு ஒரு கூட்டம், வரலாற்றுக்கு வேறு கூட்டம். 'என் வகுப்பு' என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடையாது. நாள் முழுவதிலும் யார் பக்கத்தில் உட்காருவது என்று அவளே முடிவு செய்யக்கூடிய நேரம் மதியச் சாப்பாடுதான். அதனால்தான் இந்த வகைப் படங்களில் காமிரா ஓடி ஓடிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகிறது.

ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இலினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பள்ளியை விட்டுப் போன பிறகு உங்களை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். பையன்களுக்குக் கொடுத்த தேர்வுகளில் படிப்பாளி, விளையாட்டு வீரன், எல்லோருக்கும் பிடித்தவன் என்று மூன்று இருந்தன. பெண்களுக்கு அந்த நடு இடத்தில் விளையாட்டு இல்லை, பள்ளி நிகழ்ச்சிகளை முன்னின்று நடத்துகிறவள் என்று இருந்தது. முன்வரிசைக் கூட்டத்தில் சேரப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றதற்கு வந்த பதில்களில் அழகும் உடையும் அடிக்கடி வந்தன. அந்தப் பெண்கள் இன்று பாட்டிகள். 'மீன் கேர்ள்ஸ்' எழுதியவர்கள் பிறப்பதற்கு முன்பே ஏணி அங்கே சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

சினிமாப் பாதி எது என்றால், பள்ளி முழுவதற்கும் ஒரே ராணி என்பது. அந்தந்த மேஜைக்கு ஒருத்தி என்பதுதான் நான் பார்த்த நிஜம்.

பையன்கள் அடித்துக்கொண்டு மறுநாள் சேர்ந்துவிடுகிறார்கள். இந்தப் படங்களில் பெண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். பெண்களின் சுபாவமே இதுதானா டீச்சர்?
பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்

இல்லம்மா. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது, ஏனென்றால் ஆசிரியர் ஓய்வறையிலேயே இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 'பொம்பளப் பிள்ளைகன்னா அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை, பார்.

'மீன் கேர்ள்ஸ்' படத்துக்கு மூலம் ஒரு கதைப் புத்தகம் இல்லை. ரோசலிண்ட் வைஸ்மன் என்பவர் 2002-ல் பெற்றோருக்காக எழுதிய வழிகாட்டி நூல் அது. அதைப் படித்துத்தான் டினா ஃபே திரைக்கதை எழுதினார். வைஸ்மன் பெண்களின் கூட்டத்துக்குள் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டுகிறார். ராணி ஒருத்தி. அவளுக்கு வலது கையாக ஒருத்தி. எல்லோருடைய ரகசியத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்கிறவள் ஒருத்தி. நடப்பது தப்பு என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறவள் ஒருத்தி. எந்தக் கூட்டத்திலும் முழுசாக ஒட்டாமல் எல்லாருடனும் பழகுகிறவள் ஒருத்தி. அடி வாங்குகிறவள் ஒருத்தி. இவை குணங்கள் இல்லை, இடங்கள். போன வருஷம் அடி வாங்கியவள் இந்த வருஷம் வலது கையாக ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது ரெஜினாவை விட்டுவிட்டு கிரெட்சனை மட்டும் கவனி. இரண்டாம் படியில் நிற்கிறவள். வளையத் தோடு என்னுடைய அடையாளம், நீ போடக் கூடாது என்று ரெஜினா அவளிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு அவளுடைய அப்பா அம்மா விலை உயர்ந்த வெள்ளைத் தங்க வளையத் தோடு வாங்கித் தருகிறார்கள். அது தனக்குப் பிடிக்கவே இல்லை என்று நடிக்க வேண்டியதாகிவிட்டது அவளுக்கு. அந்தக் காட்சியைச் சிரிப்புக்காக எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெற்றவர்கள் ஆசையாக வாங்கித் தந்ததை, இன்னொரு பெண்ணுக்குப் பயந்து வேண்டாம் என்று சொன்ன பிள்ளை அவள். மேலே இருப்பவளுக்கு இறங்கிவிடுவோமோ என்று பயம். கீழே இருப்பவளுக்கு இழக்க அதிகம் இல்லை. ராப்பகலாகப் பயந்து சாவது இரண்டாம் படிக்காரிதான். பயந்தவள்தான் கோள் சொல்லுவாள், பயந்தவள்தான் அடுத்தவளைப் போட்டுக் கொடுப்பாள். சுபாவம் எங்கே வந்தது இதில்?

பள்ளியில் நீங்கள் எந்தப் படியில் இருந்தீர்கள்?
வாசகி, கரூர்

இரண்டாம் படியில்.

எங்கள் ஊர் பெண்கள் பள்ளி. எட்டாம் வகுப்பு. புங்க மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். 'எங்க செட்டு' என்று சொல்லிக்கொள்வோம். டாக்டர் வீட்டுப் பெண் ஒருத்தி நாலடுக்கு எவர்சில்வர் கேரியரோடு வருவாள். அவள் எங்கே உட்காருகிறாளோ அதுதான் வட்டத்துக்குத் தலைப்பக்கம். அவள் யாரோடு 'கா' விட்டாலும் நாங்கள் ஏழு பேரும் 'கா'. அவள் 'பழம்' விட்டால் நாங்களும் பழம். என்னுடையது அலுமினியத் தூக்கு. ஆனால் எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், அவளுக்கு வீட்டுப்பாடம் எழுதித் தருவேன். என் இடம் அதனால் கிடைத்த இடம்.

ஆடி மாதம் போல ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. மதியத்துக்குக் கேப்பைக் களியும் கீரையும் கொண்டு வருவாள். மூன்று நாள் எங்கள் வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலாம் நாள் டாக்டர் வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள், 'அவ நாளைக்கும் வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். நீ சொல்லிரு.'

நான் போய்ச் சொன்னேன். குழாயடியில் அவள் கை கழுவிக்கொண்டு இருந்தாள். 'இங்க இடம் நெருக்கமா இருக்கு, நாளையில இருந்து நீ வேற பக்கம் உக்காந்துக்கோ' என்றேன். மைதானம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் நின்றதற்கு நான் காரணமா, வீட்டுக் கஷ்டம் காரணமா என்று இத்தனை வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். எதுவாக இருந்தாலும் நான் சொன்ன வார்த்தை நான் சொன்னதுதான்.

நான் டாக்டர் வீட்டுப் பெண்ணைக் கெட்டவள் என்று நினைத்தது இல்லை. அவளுக்கும் பதின்மூன்று வயதுதான். ஆனால் அந்த மரத்துக்கு எதிரே ஆசிரியர் அறை. ஜன்னல் திறந்துதான் இருக்கும். எந்தப் பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறது என்று அங்கே இருந்து நன்றாகத் தெரியும். பிற்பாடு நான் ஆசிரியராகி அதே மாதிரி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, மதிய இடைவேளையில் மட்டும் அறைக்குள் சாப்பிடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். வெளியே போய் ஏதாவது ஒரு வட்டத்தில் உட்காருவேன். வட்டம் தினமும் மாறும்.

அமெரிக்காவில் ஜாதி இல்லையே. பிறகு பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை மேல் கீழ் எங்கிருந்து வந்தது?
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை

நல்ல கேள்வி. நீங்கள் கேட்டதையே ஒரு அமெரிக்கர் ஆயுசு முழுக்க ஆராய்ந்திருக்கிறார். மர்ரி மில்னர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர். 1994-ல் இந்திய ஜாதி அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 'மீன் கேர்ள்ஸ்' வந்த அதே 2004-ல், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி அடுத்த நூல். இரண்டிலும் அவர் கண்ணில் பட்டது ஒன்றேதான்: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு நெருங்கிப் பழகலாம் என்கிறார்கள். நம் ஊர்ச் சொல்லில், பந்தி.

அவர் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதன் மேல் அதிகாரம் இருக்கிறது? என்ன படிப்பது, எத்தனை மணிக்கு எழுந்து போவது, யார் சொல்லிக்கொடுப்பது, எதுவும் அவள் கையில் இல்லை. அவள் கையில் விட்டுவைத்திருப்பது ஒன்றுதான். இன்னொரு பிள்ளையை மதிப்பதும் மதிக்காமல் விடுவதும். இருக்கிற ஒரே அதிகாரத்தைத்தான் அவள் செலவழிக்கிறாள். அது பணம் மாதிரிப் பெருகவும் பெருகாது. எல்லோரும் மேலே என்றால் மேல் என்ற ஒன்றே இல்லை. ஒருத்தி ஏற வேண்டும் என்றால் ஒருத்தி இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க எனக்கு மனமில்லை. ரெஜினாவின் மேஜையில் இடம் கிடைக்காத பெண் நாலு வருஷத்தில் பள்ளியை விட்டுப் போய்விடலாம். ஜாதியை விட்டு அப்படி யாரும் போக முடிவதில்லை. அதற்காக நம் மண்ணில் கொலையே விழுந்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் எல்லாம் மேலே நிற்கும் பெண்ணையே குற்றவாளி ஆக்குகின்றன. ஆனால் கிரீடத்தை வாங்கி வைத்திருப்பது யார்? பள்ளிக்கூடம். கால்பந்துப் போட்டியை ஒட்டி வரும் ஹோம்கமிங் விழாவுக்கு ஒரு ராணி. படிப்பு முடியும்போது நடக்கும் ப்ராம் நடனத்துக்கு ஒரு ராணி. வாக்கெடுப்பு நடத்தி, மேடை போட்டு, பெரியவர்கள் கைதட்ட முடிசூட்டுகிறார்கள். அப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தலைக்கனம் என்று படம் எடுக்கிறார்கள். நம் பள்ளிகளில் ராணி இல்லை, ரேங்க் இருக்கிறது. ரேங்க் வரிசைப்படி பெயர் படித்து விடைத்தாள் கொடுத்திருக்கிறேன் நானும், வேலைக்குச் சேர்ந்த புதிதில். முப்பத்தெட்டாவதாகக் கூப்பிட்ட பிள்ளை எழுந்து வந்த நடை இன்னும் நினைவில் இருக்கிறது.

நான் ஏழாம் வகுப்பில் இருந்து கண்ணாடி போடுகிறேன். கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடும் கதாநாயகியைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.
கல்லூரி மாணவி, கோவை

வரட்டும், வர வேண்டிய ஆத்திரம்தான். 1999-ல் வந்த 'ஷீஸ் ஆல் தட்' இதில் உச்சம். ஓவியம் வரையும் ஒரு பெண். அவள் கண்ணாடியைக் கழற்றி, முடியை வெட்டி, சிவப்பு உடை போட்டு மாடிப்படியில் இறக்குகிறார்கள். அவள் வரைந்த ஓவியம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இல்லை.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது 1985-ல் வந்த ஜான் ஹியூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'. ஏனென்றால் அது நல்ல படம். ஒரு சனிக்கிழமை, தண்டனையாக ஐந்து பிள்ளைகள் பள்ளி நூலகத்தில் அடைக்கப்படுகிறார்கள். ஐந்தும் ஐந்து மேஜை. சாயங்காலத்துக்குள் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். அப்போது ஒருவன் கேட்கிறான், திங்கட்கிழமை பார்த்துக்கொண்டால் பேசுவோமா என்று. வசதியான வீட்டுப் பெண் கிளேர், மாட்டோம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இவ்வளவு நேர்மையான இடம் இந்த வகைப் படங்களில் வேறு இல்லை. அதே படத்தில் அலிசன் என்றொரு பெண். யாரோடும் ஒட்டாதவள், கண்ணைச் சுற்றிக் கறுப்பாக மை. பென்சிலால் ஒரு காட்சி வரைகிறாள். வரைந்து முடித்துத் தலையை உதறுகிறாள், பொடுகு அதன் மேல் பனியாக விழுகிறது. இப்படி ஒருத்தியைப் படைத்துவிட்டு, கடைசியில் கிளேர் அவள் மையைத் துடைத்து, முடியைப் பின்னுக்குக் கட்டி, வெள்ளைச் சட்டையில் நிறுத்துகிறாள். உடனே ஒரு பையன் திரும்பிப் பார்க்கிறான். அந்த மை அவள் விருப்பப்பட்டுப் போட்டது. அதைத் துடைக்க இவர்களை யார் கேட்டது?

ஏமி ஹெக்கர்லிங் 1995-ல் எடுத்த 'க்ளூலெஸ்' மட்டும் இதைப் புரிந்துகொண்ட படம். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலைப் பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்குக் கொண்டு வந்தது. செர் என்ற பெண், புதிதாக வந்த டாய் என்பவளை மாற்றிக் காட்டுகிறேன் என்று கையில் எடுக்கிறாள். உடை மட்டும் இல்லை, யாரோடு பேசலாம், யாரோடு கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறாள். டாய்க்குப் பிடித்த பையனைக் காட்டி, அந்த மாதிரிப் பையன்கள் எல்லாம் அந்தப் புல்மேட்டில்தான் உட்காருவார்கள், நமக்கு ஆகாது என்கிறாள். பிறகு டாய்க்கு மவுசு வந்துவிடுகிறது. அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்த பையன் பக்கத்தில் வரும்போது, உங்கள் இடம் அந்தப் புல்மேடு இல்லையா என்று டாய் கேட்கிறாள். செரின் முகம் மாறுகிறது. தான் சொல்லிக்கொடுத்த பாடம் தன் கண் முன்னால் ஒப்பிக்கப்படுவதைப் பார்த்த ஆசிரியருக்கு வரும் முகம் அது. நான் அறிவேன்.

பள்ளி மாணவிகளாக நடிப்பவர்கள் நிஜத்தில் எத்தனை வயதினர்?
வாசகர், சேலம்

'மீன் கேர்ள்ஸ்' வெளியானபோது ரெஜினாவாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸுக்கு 25 வயது. அவளுக்கு அம்மாவாக வரும் ஏமி போலர் அவரைவிட ஏழே வயது மூத்தவர். 1978-ல் வந்த 'கிரீஸ்' படத்தில் பள்ளி மாணவி ரிஸோவாக நடித்தபோது ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு 33. இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைதான், தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள். அவள் தன் பதினாலு வயது முகத்தை இருபத்தைந்து வயது முகத்தோடு வைத்துப் பார்த்துக் குமைந்துகொண்டு இருக்கலாம். உண்மையான முகம் வேண்டும் என்றால் 2018-ல் வந்த 'எய்த் கிரேட்' இருக்கிறது. அதில் நடித்த எல்சி ஃபிஷருக்குப் படப்பிடிப்பின்போது 14 வயது. முகப்பருவோடு, கூனல் தோளோடு, தயங்கித் தயங்கிப் பேசுவாள். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு, பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

நாங்கள் கனடாவுக்கு வந்து இருபது வருஷம். இந்தப் படங்களில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?
ஒரு தாய், ஸ்கார்பரோ

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள் அம்மா. 'மீன் கேர்ள்ஸ்' கதை நடப்பது சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில். பெரும்பகுதியை எடுத்தது உங்கள் டொரன்டோவில். கணக்குப் போட்டிக் குழுவின் தலைவன் கெவினாக வருகிறாரே ராஜீவ் சுரேந்திரா, அவர் டொரன்டோவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பிள்ளை. படத்தில் அவருக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்: கணக்கு. ஜேனிஸின் வரைபடத்திலும் ஆசியப் பிள்ளைகளுக்குத் தனி மேஜைகள், கறுப்பினப் பெண்களுக்குத் தனி மேஜை. மற்ற மேஜைகளுக்குப் பழக்கத்தை வைத்துப் பெயர், இவர்களுக்கு மட்டும் நிறத்தை வைத்துப் பெயர். எனக்கு இவ்வளவு பிடித்த படத்தில் இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2000-ல் வந்த 'பிரிங் இட் ஆன்' இந்த விஷயத்தில் துணிச்சலானது. சான் டியேகோவின் வசதியான பள்ளிப் பெண்கள் ஆடிப் பரிசு வாங்கிய ஆட்டங்கள் எல்லாம் கிழக்கு காம்ப்டன் பள்ளியின் கறுப்பினப் பெண்களிடம் இருந்து திருடியவை என்று தெரிய வருகிறது. கடைசியில் ஜெயிப்பது காம்ப்டன் பெண்கள். ஆனாலும் படம் பெரும்பாலும் வசதியான பெண்ணின் கண் வழியாகவே ஓடுகிறது.

நம் பெண் நடு இடத்துக்கு வர 2020 ஆயிற்று. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் தேவி விஸ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் மிசிசாகாவைச் சேர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், அவரும் ஈழத் தமிழ்க் குடும்பம். 15,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேவிக்குக் கோபம் வருகிறது, பொய் சொல்கிறாள், தோழிகளை ஏமாற்றுகிறாள், அப்பாவை இழந்த துக்கத்தை அடக்கத் தெரியாமல் சத்தம் போடுகிறாள். 'நம்ம பொண்ணை இப்படிக் காட்டுகிறார்களே' என்று என் அக்கா வருத்தப்பட்டாள். நான் சந்தோஷப்பட்டேன். தப்புச் செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? கெவினுக்கு அது கிடைக்கவில்லை. 2024-ல் 'மீன் கேர்ள்ஸ்' மறுபடி வந்தபோது நடு மேஜையில் கேரனாக உட்கார்ந்தவர் அவந்திகா, தெலுங்குக் குடும்பத்துப் பெண். கேரனுக்குக் கணக்கு வராது.

ரெஜினா மேல் பஸ் மோதுவதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். உங்களுக்குப் பிடித்த முடிவு எது?
விடுதி மாணவிகள், திருச்சி

பஸ் எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறாள், கழுத்துப் பட்டையோடு நடனத்துக்கும் வருகிறாள், இருந்தாலும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய உடற்பயிற்சிக் கூடக் காட்சி. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் யாராவது தப்பாகப் பேசியிருந்தால் கை தூக்குங்கள் என்கிறார் ஆசிரியை. எல்லாக் கையும் மேலே. தோழியைப் பற்றி நீங்கள் அப்படிப் பேசியிருந்தால்? அதற்கும் எல்லாக் கையும் மேலே. நடன இரவில் கேடி தனக்குக் கிடைத்த கிரீடத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கு போடுவதும் பிடிக்கும். ஆளை விட்டுவிட்டுக் கிரீடத்தை உடைத்தாளே, அதற்காக.

இன்னொரு முடிவும் உண்டு. 'ஹெதர்ஸ்', 1989-ல் அமெரிக்காவில் வெளியானது. அதை எழுதிய டேனியல் வாட்டர்ஸின் தம்பி மார்க்தான் 'மீன் கேர்ள்ஸ்' இயக்குநர். அண்ணன் படம் ரொம்பக் கறுப்பு. கொலை, தற்கொலை எல்லாம் வருகிறது. பதினெட்டு ஆகாதவர்கள் பார்க்க வேண்டாம். ஹெதர் என்ற பெயரில் மூன்று பெண்கள், மேலே இருப்பவள் தலைமுடியில் ஒரு சிவப்பு ஸ்க்ரஞ்சி கட்டியிருப்பாள். அவள் செத்ததும் இரண்டாமவள் அதை எடுத்துக் கட்டிக்கொள்கிறாள். ஆள் மாறியது, சிவப்புத் துணி மாறவில்லை. படம் முடியும்போது, அவர்கள் கூட்டத்திலேயே இருந்த கதாநாயகி வெரோனிகா அதைப் பிடுங்கித் தன் முடியில் கட்டிக்கொண்டு, எல்லோரும் கேலி செய்த மார்த்தாவிடம் போகிறாள். மார்த்தா சாகப் போய்ப் பிழைத்தவள், மோட்டார் நாற்காலியில் இருக்கிறாள். நடன ராத்திரியில் நாம் இரண்டு பேரும் வீடியோ எடுத்து வந்து படம் பார்க்கலாமா என்று கேட்கிறாள் வெரோனிகா. வெறுமையான தாழ்வாரத்தில் இவள் நடக்க, மார்த்தா நாற்காலியில் இவளைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்த வட்டத்தை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

டீச்சர், நான் எய்த் படிக்கிறேன். புது ஸ்கூல். என்னை லஞ்ச்ல யாரும் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. தினமும் பசிக்கலன்னு சொல்லி டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போறேன். லைப்ரரி படிக்கட்டில் ஒரு அக்கா மட்டும் தனியா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. என் பேரைப் போடாதீங்க.

போடவில்லை கண்ணு. ஊரையும் போடவில்லை.

முதலில் இன்றைக்கே அம்மாவிடம் சொல். பசிக்கவில்லை என்பது பொய் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் சொல்ல முடியவில்லை என்றால் உனக்குப் பிடித்த ஒரு ஆசிரியரிடம் சொல். பேச வராது என்றால் இப்போது எனக்கு எழுதினாயே, அதே மாதிரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடு.

அந்த வட்டத்தில் சேர முயற்சி செய்யாதே, கொஞ்ச நாளைக்கு. நீ சரியில்லை என்பதற்காக அவர்கள் உன்னை விடவில்லை என்று நினைக்காதே. அங்கேயும் யாரோ ஒருத்தி தன் இடம் போய்விடுமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

படிக்கட்டுக்குப் போ. 'அக்கா, இங்க உக்காரலாமா?' என்று கேள். அவ்வளவு கேட்டால் போதும். வேண்டாம் என்று அவள் சொன்னால் இரண்டு படி கீழே உட்கார்ந்து சாப்பிடு, மறுநாளும் போ. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது. அந்த அக்கா டப்பாவில் என்ன கொண்டு வந்திருந்தாள் என்பதையும் எழுது.